வேலி போட்ட ரான்ச்சுக்கு மான் சுடப் போகும் மச்சானுக்கு

மச்சான்,

நவம்பரில் ஆபீஸ் ஆட்களோடு டெக்சாஸில் கெர்வில் பக்கம் ஒரு பெரிய ரான்ச் பண்ணைக்கு மான் வேட்டைக்குப் போகிறாய், ஒரு இடம் காலி இருக்கிறது, நானும் வருகிறேனா என்று கேட்டிருந்தாய். கூடவே அந்த ரான்ச்சின் விலைப்பட்டியலையும் அனுப்பிவைத்தாய். போனில் பேசினால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் பெயரைப் போடவில்லை, கோபப்படாதே.

உயிரைக் கொல்லலாமா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, உன் அக்காவைக் கேள். தவிர, டெக்சாஸில் வெள்ளைவால் மான்கள் 50 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஓநாய்களை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். 1960களில் மாடுகளைக் காப்பாற்றுவதற்காக ஸ்க்ரூவோர்ம் ஈயையும் ஒழித்தார்கள். பிறந்த குட்டியின் தொப்புள் புண்ணில் முட்டையிட்டுப் புழு வைத்துக் கொல்கிற ஈ அது, அது போனதும் மான்குட்டிகளும் சேர்ந்து பிழைத்துக்கொண்டன. கெர்வில் இருக்கிற ஹில் கண்ட்ரி பக்கம் அடுத்த முறை காரில் போகும்போது ஓக் மரங்களைக் கவனித்துப் பார். மான் தலையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வரை மொட்டை, அதற்கு மேலேதான் பச்சை, தோட்டத்துக்குத் தோட்டம் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் ஓடும். யாராவது சுட்டுத்தான் ஆகவேண்டும்.

வேலியையும் நான் அவ்வளவு பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். மாட்டுக்குப் போடும் முள்கம்பியை மான் அலட்சியமாகத் தாண்டிவிடும், அதனால் இவர்கள் 8 அடிக்கு வலை அடிக்கிறார்கள். உன் மேனேஜர் "10,000 ஏக்கர், வேலி இருப்பதே மானுக்குத் தெரியாது" என்று சொன்னாராம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு கிடா வழக்கமாகச் சுற்றிவருவது ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர்தான். அவ்வளவு பெரிய இடத்தில், புதரும் பள்ளமும் இருந்தால், வேலியைப் பார்க்காமலே வாழ்ந்து முடிக்கிற மான்களும் இருக்கும். 200 ஏக்கரில் அடைத்துவைத்துச் சுடுவதும் இதுவும் ஒன்று என்று பேசுகிறவர்கள் நிலத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

எனக்கு உறுத்தியது நீ அனுப்பிய அந்தப் பட்டியல். 160 அங்குலம் வரை ஒரு விலை, 180 வரை ஒரு விலை, 200ஐத் தாண்டினால் "போனில் கேட்கவும்". இந்த அங்குலம் என்பது கொம்பின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், சுற்றளவு, இரண்டு கொம்புக்கும் நடுவிலுள்ள அகலம் எல்லாவற்றையும் கூட்டி வருகிற கணக்கு. இந்த முறையை உருவாக்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கத்தின் முக்கியப் பதிவேட்டில் சீரான கொம்புள்ள வெள்ளைவால் மான் இடம்பிடிக்க 170 வேண்டும். வாழ்நாள் முழுக்கக் காட்டில் அலைந்தும் அப்படியொன்றைக் கண்ணால் பார்க்காதவர்கள் ஏராளம். பிறகு எப்படி ஒரு ரான்ச்சில் 200 அங்குல மான் வரிசை கட்டி நிற்கிறது? பேர்போன கிடாக்களின் விந்தை வாங்கி, பெட்டைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்து, பட்டியில் அடைத்து, புரதத் தீவனம் போட்டு வளர்த்துத் திறந்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் 300 அங்குலம் தாண்டியவையெல்லாம் இருக்கின்றன. அந்தக் கொம்பு ஏதோ ஒரு கம்பெனி மேனேஜரின் சுவருக்காகவே வளர்க்கப்பட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் நாள் அன்றைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு தகர டிரம், அடியில் பேட்டரியில் சுழலும் தட்டு, டைமர். காலையில் குறித்த நேரத்துக்குத் தட்டு கிர்ரென்று சுற்றி மக்காச்சோளத்தை வாரி இறைக்கும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் சத்துணவுக்கு ஓடிவருகிற மாதிரி, அந்தச் சத்தத்துக்கு மான்கள் புதரிலிருந்து வந்துவிடும். நீ 100 கஜம் தள்ளி, ஜன்னல் வைத்த பெட்டிக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். எந்தக் கிடா எந்தத் தீவன டிரம்முக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று கைடின் போனில் கேமரா படங்களாகவே இருக்கும். (தீவனம் போட்டுச் சுடுவது டெக்சாஸில் வேலி இல்லாத இடங்களிலும் சட்டப்படி சரிதான், இவர்கள் மட்டும் செய்கிற திருட்டுத்தனம் இல்லை.) பட்டியலின் அடியில் இன்னொரு வரி: "கிடைக்காவிட்டால் பணம் வேண்டாம்." வெறுங்கையோடு திரும்புகிற வாய்ப்பையே அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எடுத்துவிடுகிறார்கள். அதையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது விசையை அழுத்துகிற வேலை மட்டும், அதற்கு எதற்கு அத்தனை ஆயிரம் டாலர்?

வேட்டையை எதிர்க்கிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று சொல்லிவிடாதே. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய அதே பூன் அண்ட் க்ராக்கெட், தப்பிக்க முடியாத வேலிக்குள் சுட்ட மானைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. 1902இல் மிசிசிப்பியில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் மறுத்த கதையில் இருந்துதான் டெடி பொம்மை வந்தது; ஆனால் அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியைக் கத்தியால் முடித்துவிடச் சொன்னதும் அவர்தான், அதைப் பொம்மைக் கடையில் சொல்வதில்லை. மொன்டானா மாநிலத்தில் 2000இல், காசு வாங்கிக்கொண்டு பண்ணை விலங்குகளைச் சுடவிடுவதை மக்கள் வாக்களித்தே நிறுத்தினார்கள். அங்கே ஊர் முழுக்க வேட்டைக்காரர்கள்.

இன்னொரு விஷயம் உன் ஆபீஸ் ஆட்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்று மான்களுக்கு வரும் ஒரு மூளை நோய். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் தெரியவந்தது. மருந்து, தடுப்பூசி எதுவும் கிடையாது. அதைப் பரப்புகிற ப்ரியான் என்ற கெட்டுப்போன புரதம் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். டெக்சாஸ் வெள்ளைவால் மானில் அது முதலில் பிடிபட்டது 2015இல், மெடினா கவுன்டியில், ஒரு மான் வளர்ப்புப் பண்ணையில். இவர்கள் கொம்புக்காக மானை லாரியில் ஏற்றி ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோகும்போது நோயும் கூடவே ஏறிக்கொள்ளலாம். வேலி மானை நிறுத்தும், மண்ணை நிறுத்தாது. இத்தனைக்கும் அந்த மான்கள் ரான்ச்காரரின் சொத்துகூட இல்லை. பட்டியில் பிறந்த வெள்ளைவால் மானும் மாநில மக்களுடையதுதான் என்று 2019இல் ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாபம் அவர்களுக்கு, நோய் வந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் சேர்த்து.

பட்டியலின் பின்பக்கத்தில் புள்ளிமானும் வெளிமானும் இருந்ததைப் பார்த்தாயா? 1930களில் இங்கே கொண்டுவந்து விட்டவை. வெளிநாட்டு விலங்கு என்பதால் சீசன் கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். கோடியக்கரைச் சரணாலயமே வெளிமானுக்காக வந்தது, 1998இல் ஜோத்பூர் பக்கம் அதைச் சுட்ட வழக்கில் சல்மான் கானுக்கு 2018இல் ஐந்து வருடம் தீர்ப்பானது. இங்கே அதற்கு ஒரு விலை, கிரெடிட் கார்டும் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு உன் மேனேஜர் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பார்: காட்டில் அற்றுப்போன வளைகொம்பு ஓரிக்ஸ் என்ற ஆப்பிரிக்க மான் டெக்சாஸ் ரான்ச்சுகளில் ஆயிரக்கணக்கில் பிழைத்திருந்தது, 2016இலிருந்து சாட் நாட்டில் ஓரிக்ஸைத் திரும்பவும் காட்டில் விடுகிறார்கள் என்று. உண்மைதான், அந்த விஷயத்தில் ரான்ச்காரர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஓரிக்ஸைக் காட்டி வெள்ளைவால் மானுக்கு வக்காலத்து வாங்க முடியாது. அது அழிந்துபோகும் நிலையிலா இருக்கிறது?

சரி, என் பதில். கொம்புக்கு நான் வரவில்லை. ஆனால் அதே ரான்ச்சில் கேட்டுப் பார், பெட்டை மான் சுட விடுவார்களா என்று. வேலி போட்டபின் மான் வெளியே போக வழியில்லை, வருடா வருடம் பெட்டைகளைக் குறைக்காவிட்டால் உள்ளே இருக்கிற புல் பூண்டெல்லாம் காலியாகிவிடும், அதனால் பெரும்பாலும் சரி என்பார்கள். விலையும் கிடாவுக்குக் கேட்பதில் ஒரு துண்டுதான். சுவரில் மாட்ட ஒன்றும் இருக்காது, ஃப்ரீசர் நிறையும். அதற்கென்றால் நான் ரெடி, ஐஸ் பெட்டியும் கத்தியும் என் பொறுப்பு. சி.டபிள்யூ.டி. சோதனைக்கு நிணநீர் முடிச்சு எடுத்துக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தொடக்கூடாது என்று உன் அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். மனிதருக்கு அந்த நோய் வந்ததாக இதுவரை தெரியவில்லை என்றேன், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ரான்ச்சில் பேசிவிட்டுச் சொல், லீவு போடவேண்டும்.

— அத்தான்