அடுத்த மாடல்: பிரிட்டனிடம் சிக்கிய ஃபோக்கவுல்ஃப் 190

நண்பர்களே, அடுத்து எல்லோரும் சேர்ந்து ஃபோக்கவுல்ஃப் 190 ஏ-3 என்ற இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் போர் விமானத்தின் சிறு மாடலைக் கட்டுவோம். 1942 ஜூன் 23 அன்று ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி, பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று நினைத்து, வேல்ஸில் உள்ள பெம்ப்ரே தளத்தில் இறக்கிய அதே விமானம். பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு எம்.பி. 499 என்று எண் கொடுத்து, தன் வட்டச் சின்னத்தை வரைந்து, பறக்கவிட்டுச் சோதித்தது. எதிரியின் உடலில் பிரிட்டிஷ் நிறங்கள், அதுதான் இதன் அழகே!

கிட் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கும்போது, இதே விமானத்தின் பிந்தைய வகையான ஏ-8 வேண்டாம். அதில் மூக்கின் மேல் துப்பாக்கி மூடி புடைத்திருக்கும், ஏ-3-இல் அது கிடையாது.

பெரிய வேலை விமானத்தின் அடிப்பகுதிக்கு மஞ்சள் அடிப்பதுதான். சாம்பல் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் நேராக அடித்தால் மங்கி, பச்சை கலந்ததுபோல் தெரியும். வெள்ளை பிரைமர் போட்டு, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. மஞ்சளை முடித்து டேப் ஒட்டி மறைத்துவிட்டு, அப்புறம் மேல்புற உருமறைப்பு நிறங்களுக்குப் போகலாம். டெக்கால் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம், இல்லையென்றால் ஓரங்கள் வெள்ளி மின்னும்.

மஞ்சள் முடிந்ததும் படம் போடுங்கள். திருத்தம் இருந்தால் அப்போதே பேசிவிடலாம்.