ஜி.எஸ்.டி. சான்றிதழ் தொழிலின் பெயரைக் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான கடன், மானியம், பயிற்சி பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அவற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றைப் பற்றி, ஈரோட்டில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜி.எஸ்.டி. பதிவு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிமம் என எல்லாவற்றிலும் தொழிலின் பெயர் அச்சாகி வருவதால், அந்தப் பெயர் தமக்கே சொந்தமாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் பெயரின் மீது உரிமை தருவதில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் ஜி.எஸ்.டி. பதிவு கேட்டாலும் கொடுக்கப்படும். அந்தத் துறையின் வேலை வரி வசூலிப்பதுதான். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டாலும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. ஏற்கெனவே பதிவான வணிகக் குறியை (டிரேட்மார்க்) ஒத்த பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தால், அக்குறியின் உரிமையாளர் மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட்டு அந்தப் பெயரை மாற்ற வைக்க 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் வழிசெய்கிறது.

பெருந்துறைப் பக்கம் மசாலாப் பொடி தயாரிக்கும் பெண்மணி ஒருவர் இந்த மூன்று சான்றிதழ்களையும் ஃபிரேம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். கடைகளில் சரக்கு நன்றாக ஓடத் தொடங்கிய நேரத்தில், வேறொரு மாவட்ட நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அவருடைய பெயரும் அவர்களுடைய பதிவுபெற்ற பெயரும் எழுத்தில் வேறாக இருந்தாலும் உச்சரிப்பில் ஒன்றாகவே ஒலித்தன. அச்சடித்து வைத்திருந்த பவுச் சுருள்களோடு, அச்சுக்காகப் பணம் கட்டிச் செய்த சிலிண்டர்களும் வீணாயின. வாடிக்கையாளர்களிடம் புதுப் பெயரைக் கொண்டுசேர்க்கும் வேலையை அவர் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பெயரை முன்கூட்டியே தேடிப் பார்க்க ஒரு ரூபாய்கூடச் செலவாகியிருக்காது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம். எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயர்களை மட்டுமன்றி, ஒலியில் ஒத்த பெயர்களையும் அது காட்டும். பெயர் காலியாக இருந்தால், கடை திறப்பதற்கு முன்பே, 'பயன்படுத்த இருக்கிறோம்' என்று குறிப்பிட்டு வணிகக் குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்க 1999 ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் இடம் தருகிறது. பதிவு கிடைக்கும்போது விண்ணப்பித்த நாளிலிருந்தே அது செல்லும் என்பதால், முந்திக்கொள்வதில் பலன் உண்டு. இணையவழிக் கட்டணம் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். கூட்டு நிறுவனம் சலுகை பெற உத்யம் சான்றிதழ் இங்கேதான் உதவுகிறது. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாவுக்கு 30 ஆம் வகுப்பில் பெற்ற பதிவு, அதே பெயரில் உணவகம் நடத்த வேண்டிய 43 ஆம் வகுப்புக்குத் தானாக நீளாது. தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு ஒலிபெயர்ப்பும் பொருளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இணைக்க வேண்டும். விண்ணப்பம் பரிசோதனையைக் கடந்து பதிவகத்தின் இதழில் வெளியான பின் நான்கு மாதங்களுக்குள் பிறர் ஆட்சேபிக்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பதிவு இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில், பதிவினால் வரும் உரிமையைவிட முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமை மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015 இல் தெளிவாக்கியது. ஆனால், அந்தக் கடைக்குப் பின்னால் தலைமுறைகளின் நற்பெயர் இருந்தது. நேற்றுத் தொடங்கிய ஒருவர், தம் பெயர் மக்களிடையே அறியப்பட்டது என்பதைப் பழைய பில்களையும் விளம்பரங்களையும் காட்டி நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதன்று.

பெயரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 'சுத்தமான நெய்' என்பதுபோல் பொருளின் தரத்தை மட்டும் சொல்லும் பெயருக்குப் பொதுவாகப் பதிவு கிடைக்காது. எங்கள் ஊர்க்காரர்கள் ஆசைப்படும் 'ஈரோடு மஞ்சள்' 2019 இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டதால், அதை எந்தத் தனி வணிகரும் தமக்கு மட்டுமே உரிய பெயராக்கிக்கொள்ள முடியாது.

மாவட்டத் தொழில் மையங்கள் தம்மை நாடிவரும் ஒவ்வொருவருக்கும், திட்ட அறிக்கை தயாரிக்கும் முன்பே, பெயரைத் தேடிப் பார்க்க ஒரு கணினியையும் வழிகாட்ட ஓர் அலுவலரையும் ஒதுக்க வேண்டும். ஜி.எஸ்.டி., உத்யம் சான்றிதழ்களில் 'இது பெயருக்கான உரிமை ஆகாது' என்ற ஒரு வரியை மாநில மொழிகளிலும் அச்சிட வேண்டும். விண்ணப்பிக்கும் முறையை விளக்கித் தங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு தொடர் வெளியிடுமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
ஈரோடு.