மறுகால் கல்லைப் பெயர்க்காமல் விட்ட தம்பிக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மேல குளம் பெருகி, மிஞ்சின தண்ணீர் வழிகிற மறுகால் பாய்கிறது. கீழ குளத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கரையில் போலீஸ் வண்டி இல்லை, ராத்திரியில் மண்வெட்டியோடு காவல் நிற்க ஆள் போடவும் இல்லை. கார்த்திகை மழை இந்த அடி அடித்தும் இரண்டு ஊரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. இந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2023 மார்கழி பிறந்த அன்றைக்கு நடந்ததை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தாமிரபரணியில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளில் பிரிகிற வாய்க்கால்களில் நம் குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே ஒரு கரை போனால் கீழே என்ன கதி என்று அன்று எல்லோருமே பார்த்தோம். அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் நடுவில் நடந்தவற்றை எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் இதைப் படிப்பார்கள்.

முதல் நன்றி, மண் அள்ளுகிற ஹிட்டாச்சி வண்டியை ஓட்டிய தம்பிக்கு. "பேரைப் போட்டுராதீக அண்ணாச்சி, பெறவு எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான்" என்று சிரித்தார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது கீழே புரியும்.

சண்டையெல்லாம் மறுகால் மட்டத்தைப் பற்றித்தான். மறுகாலை ஒரு கல் உயர்த்திக் கட்டினால் மேல குளத்தில் அவ்வளவுக்குத் தண்ணீர் கூட நிற்கும். ஆனால் நீர்ப்பிடிப்பை ஒட்டிய வாழை அழுகும், கீழ குளத்துக்குத் தண்ணீர் பிந்திப் போகும். ஒரு கல் இறக்கினால் மேல குளத்தை நம்பியிருக்கும் எங்கள் கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்கள், பிசான நெல் பருவத்தில் பாதியிலேயே காயும். பழைய மறுகாலை வெள்ளம் அரித்து, மிச்சத்தைச் சேறு மூடிவிட்டது. "இந்த மட்டம்தான் இருந்தது" என்று ஆளாளுக்கு இடுப்பிலும் முழங்காலிலும் கை வைத்துக் காட்டினார்கள். அதிகாரிகளின் அளவை இரண்டு ஊரும் நம்பவில்லை.

அப்படி ஒரு நாள் கரையில் குரல் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டியின் சத்தம் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம். தம்பி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வண்டிகளுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. பக்கெட்டில் மண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இன்ஜின் ஓடினால் மீட்டரும் ஓடும். "நீங்க சத்தம் போடுத நேரத்துக்கு எனக்குத் துட்டு வேண்டாம். முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றார். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம்.

மறுபடி ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பக்கெட் எதிலோ இடித்தது. இன்னொரு தடவை கொத்தியிருந்தால் அது என்னவென்று யாருக்கும் தெரிந்திருக்காது. நாங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை. அவர் இறங்கி வந்து, யாரிடமோ மண்வெட்டியை வாங்கிச் சேற்றை வழித்தார். கருங்கல். நட்ட கல். பாதிக்கு மேல் மண்வெட்டியையும் போட்டுவிட்டுக் கையால் தோண்டினார். கல்லின் தலையில் உளியால் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது, பெருவிரல் அகலத்துக்கு. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மீட்டர் அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

அது என்ன கல் என்று சொன்னவர், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற கீழ ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா. பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கய்யா காட்டித் தந்த கல்லுடே இது. இந்த வெட்டு முங்கிட்டா கீழ குளத்துக்கு வழி விடணும்" என்றார். மேல ஊர்ப் பெரியவர் ஒருத்தர், அதுவரை அதிகமாகச் சத்தம் போட்டவர், "ஆமா, கேட்ட மாதிரிதான் இருக்கு" என்று முனகினார். அவ்வளவுதான் ஒப்பந்தம். புது மறுகாலின் மட்டம் அந்த வெட்டுக்குச் சரியாக நிற்கிறது.

கரையை அடைத்தபோதும் இதே பிடிவாதம்தான். சீக்கிரம் கொட்டி மூடச் சொன்னோம். அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருட்டி இறுக்கிய பிறகுதான் அடுத்த மண் போடுவேன் என்று நின்றார். மழை கண்ட கரைக்கு வண்டல் ஆகாது, அது வயலுக்குப் போகட்டும் என்று பிரித்து அள்ளினார். பில்லில் நாலு மணி நேரம் கூடப் போடச் சொன்ன ஆசாமியும் உண்டு. அவரிடம் மீட்டரைப் போட்டோ எடுத்துக் காட்டினார். வேலை கிடைக்காது என்று அவர் சொன்னது இதனால்தான்.

மற்றவர்களுக்கு மொத்தமாகத்தான் நன்றி சொல்ல முடியும். தை மாதம் பறவைக் கணக்கெடுக்க வருகிற பிள்ளைகள், "சீமைக்கருவேலத்தை எடுங்க, குளத்துக்குள்ள நிக்கிற நாட்டுக் கருவேலத்துல நாரை கூடு கட்டும்" என்று ஒவ்வொரு மரத்துக்கும் துணி கட்டி அடையாளம் வைத்தார்கள். சாக்கு கொடுத்த அரிசி மில்காரர்கள், வண்டலுக்கு அனுமதி கேட்டு நின்றவர்களை அலைக்கழிக்காத தாசில்தார் அலுவலக ஊழியர்கள், இரண்டு ஊருக்கும் ஒரே அண்டாவில் சுக்குக்காப்பி போட்டு "எந்த ஊர்னு கேட்டு ஊத்த எனக்கு நேரமில்ல" என்ற மதினி, கரையில் பனங்கொட்டை ஊன்றிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. ஊன்றியதை ஆடு தின்னாமல் பார்த்துக்கொள்வது இனி எங்கள் பொறுப்பு.

சமாதானக் கூட்டம் என்று எத்தனையோ போட்டார்கள். மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் இருந்தது. எதுவும் ஒட்டவில்லை. தன் வேலையைத் திருத்தமாகச் செய்கிற ஒருத்தர் வெளியூரிலிருந்து வந்து, யார் பக்கமும் பேசாமல் மண்ணைக் கிளறியபோது, பேச்சு தானாக நின்றது. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தாத்தாவின் குடும்பத்தை ஏவியவர்கள், எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்கிற கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட்டது இந்த வருஷம்தான். அவருடைய ஐயாவுக்கே போட்டிருந்தால் கல்லைத் தேடியிருக்கவே வேண்டாம். இனி அந்த நாற்காலி இல்லாமல் கூட்டம் நடக்காது, நான் செயலாளராக இருக்கும் வரைக்கும் நிச்சயமாக நடக்காது. புரட்டாசியில் வாய்க்கால் வெட்டும்போது இரண்டு ஊரும் வீட்டுக்கு ஓர் ஆள் என்றும் பேசியிருக்கிறோம்.

தம்பி, மீட்டர் ஓடாத நேரத்துக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் மாசியில் பிசானம் அறுத்ததும் மேல குளத்து நெல் ஒரு மூட்டை, கீழ குளத்து நெல் ஒரு மூட்டை, இரண்டும் அம்பை 16 ரகம், உங்கள் வீட்டுக்கு வரும். அரைத்தே அனுப்புகிறோம். உங்கள் வீட்டில் புழுங்கலா பச்சையா என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.