விரலில் ஊசி ஏறினால் தெரியும்

ஆசிரியருக்கு,

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறேன். எங்களோடு இருந்த ஓவர்லாக் டெய்லர் தம்பி, இரண்டு வாரமாக டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனான். கேட்டால் "ஒண்ணுமில்லீங்க்கா" என்பான். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களுக்கு நின்று கேட்க நேரமேது? காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனோம், நானும்தான் போனேன். மனநல மருத்துவரிடம் அவன் போய்ச்சேர மூன்று மாதம் ஆனது.

150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. விரலில் ஊசி ஏறினால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். மனசு உடைந்தவனிடம் பேசத்தான் தெரியாது. ஆஸ்திரேலியாவில் 2000த்திலேயே மனநல முதலுதவிப் பயிற்சி தொடங்கிவிட்டார்கள். புத்திமதி சொல்லாமல் காதுகொடுப்பது, சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்பது (கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது), தனியே விடாமல் சிகிச்சைக்கு அழைத்துப்போவது, இவ்வளவுதான்.

மாவட்ட மனநலத் திட்டத்தினர் சூப்பர்வைசர்களுக்கும் விடுதி வார்டன்களுக்கும் இதைக் கற்றுத்தர வேண்டும். அரசின் கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்ட எந்த முதலாளிக்கும் செலவாகாது. தமிழிலேயே பேசலாம்.

– ஒரு வாசகி, திருப்பூர்