மஸ்கட் படங்களும் உன் ஊர்ப் படங்களும்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். நீ கேட்டிருந்த மஸ்கட் படங்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து உன் நண்பன் நார்வே திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன். நெகட்டிவ்கள் மட்டும் இங்கேயே பீரோவில் இருக்கட்டும். ஒட்டும் தாள் வைத்த பழைய ஆல்பங்களில் இருந்த படங்கள் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்ததால், அவற்றைப் பிரித்தெடுத்துத் தனித்தனிக் காகித உறைகளில் போட்டிருக்கிறேன்.

பெட்டி வந்து சேருமுன் ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வட நார்வேயில் நீ இருக்கும் ட்ரோம்சோவிலிருந்து அனுப்பும் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. பச்சை நிறத்தில் நெளியும் துருவ ஒளி, பாலம், பாலத்துக்கு அப்பால் முக்கோணமாய் நிற்கும் அந்த வெள்ளைத் தேவாலயம் எல்லாவற்றையும் அப்பா அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்தவனும் இவற்றைத்தான் எடுத்துச் செல்வான். நீ அங்கே வீடு பிடித்துக் குடியிருப்பவன். குடியிருப்பவனுக்கு வாய்க்கும் படங்கள் வேறு என்பதை இந்தப் பெட்டி உனக்குக் காட்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் 1980களின் இறுதியில் ஓமான் தலைநகரான மஸ்கட்டுக்குப் போனபோது அங்கே ரூவி என்ற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கணக்கர் வேலை, எனக்குப் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலை. அங்கு அப்போது வார விடுமுறை வியாழனும் வெள்ளியும் (2013இல்தான் அதை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள்). வியாழன் காலையில் அப்பா வண்டியை எடுத்தால் நான் பெண்டாக்ஸ் கே1000 கேமராவைத் தோளில் மாட்டிக்கொள்வேன். முழுக்க இயந்திரத்தால் ஓடும் கேமரா அது. ஒளியளவு காட்டும் முள்ளுக்கு மட்டுமே பேட்டரி தேவை. ஃபிலிம் சுருளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, புறப்படுவதற்கு முந்தைய இரவு வெளியே எடுத்துவைப்பேன். அந்த ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் ஃபிலிமை விட்டுவைத்தால் நிறம் கெட்டுவிடும்.

மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில் நிஸ்வா இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டிய பெரிய வட்டக் கோட்டை அங்கே உண்டு. அதை எல்லோரும் எடுப்பார்கள், நானும் எடுத்தேன், பெட்டியில் அடியில் கிடக்கிறது. எனக்குப் பிடித்தது வெள்ளிக்கிழமை விடியற்காலை கூடும் ஆட்டுச் சந்தை. வாங்குபவர்கள் வட்டமாகச் சூழ்ந்து கொள்ள, விற்பவர்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்தபடி அவர்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்து விலை கூவுவார்கள். யாராவது கையை நீட்டி ஓர் ஆட்டை நிறுத்தி, பல்லையும் மடியையும் பார்ப்பார். எல்லோரும் வெள்ளை அங்கி அணிந்திருப்பதில்தான் சிக்கல். கேமராவின் முள்ளுக்கு உலகில் வெள்ளை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே கணக்குப் போடும். முள் சொன்னபடி எடுத்தால் அங்கி சாம்பலாகும், முகம் கறுத்துப்போகும். அதனால் முள் காட்டுவதைவிட ஒரு படி, சில வேளை ஒன்றரைப் படி, கூடுதலாக லென்ஸ் துவாரத்தைத் திறந்துகொள்வேன். உன் ஊர்ப் பனியும் அப்படித்தான். நீ அனுப்பும் பனிப் படங்கள் அழுக்கு வேட்டியின் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே. கைபேசியிலும் வெளிச்சத்தைக் கூட்டும் கோடு இருக்கிறது, அதைச் சற்று மேலே தள்ளு.

அந்தச் சந்தையில் தாடி வைத்த முதியவர் ஒருவரை அனுமதி கேட்டு எடுத்தேன். அடுத்த முறை போனபோது படத்தைக் கழுவி எடுத்துச்சென்று அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்டிவிட்டு, எங்களைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் காபியும் வரவழைத்தார். அதன் பிறகு அந்தச் சந்தையில் நான் கேமராவைத் தூக்கினால் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திரும்பவும் போக முடிவதுதான் குடியிருப்பவனுக்குக் கிடைக்கும் பெரிய வசதி.

சூர் துறைமுகப் படங்களைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். மஸ்கட்டிலிருந்து சூருக்குப் போக இன்றைய கடற்கரை நெடுஞ்சாலை அப்போது கிடையாது; இப்ரா என்ற ஊர் வழியாக உள்நாட்டில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே மரக்கலம் கட்டும் பட்டறைகளில் கேரளத்துத் தச்சர்கள் பலர் வேலை செய்தார்கள். பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். நீர் புகாமல் காப்பது அந்தத் திரிதான். தச்சர் ஒருவர் அந்த வேலையில் மூழ்கியிருக்கும்போது, நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருக்க, நான் எடுத்த படம் என் வாழ்நாளில் எடுத்தவற்றுள் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து எங்களுக்குள் பேச்சு நடந்தது. ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பச் சலவைச் சட்டையில் ஒரு படம் வேண்டும் என்றார். முகம் கழுவி, சட்டை மாற்றி, கலத்தின் முன்னால் விறைப்பாக வந்து நின்றார். இரண்டையும் எடுத்தேன், இரண்டின் பிரதிகளையும் அனுப்பிவைத்தேன். எடுப்பவருக்கு வேண்டிய படமும் எடுக்கப்படுபவருக்கு வேண்டிய படமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஃபிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்த எங்களாலேயே இரண்டும் எடுக்க முடிந்தது என்றால், உனக்கென்ன குறை?

ஓமானின் தெற்கே உள்ள சலாலாவுக்கும் போனோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே சாரல் பெய்து மலையெல்லாம் பச்சையாகும். தென்னையும் வாழையும் சாலையோர இளநீர்க் கடையும் நம் ஊர் போலவே இருந்ததால் அங்கே எனக்குப் படமெடுக்கவே தோன்றவில்லை.

பெட்டியில் நீ தேடியும் கிடைக்காத படங்கள் சில உண்டு. பெண் என்பதால் மலைக் கிராமங்களில் என்னை வீட்டின் உட்கூடம் வரை அழைத்துச் சென்று உட்கார வைப்பார்கள். அப்பா ஆண்களோடு வெளியறையில் இருப்பார். உள்ளே பெண்களின் உடையிலும் வெள்ளி நகையிலும் இருந்த நிறங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அங்கே கேமராவைப் பைக்குள்ளிருந்து எடுத்ததே இல்லை. கேட்டால் மறுக்க அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று தெரிந்ததால் கேட்கவும் இல்லை. அதை இழப்பாக நான் நினைக்கவில்லை.

ஒவ்வொரு படத்தின் பின்புறத்தையும் பார். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் சாதாரண பென்சில் பிடிக்காது, பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். ஆகவே மிருதுவான 6பி பென்சிலால் இடம், மாதம், ஆள் யார் என்று எழுதியிருக்கிறேன். உன் கைபேசி தேதியையும் இடத்தையும் தானே குறித்துக்கொள்ளும். உன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர் யார், உனக்கு எப்படிப் பழக்கம் என்பதை நீதான் எழுத வேண்டும்.

கேமரா குறித்து இன்னொன்று. மஸ்கட் கோடையில் ஏசி காரிலிருந்து கேமராவோடு இறங்கினால் கடற்கரை ஈரக்காற்று பட்டவுடன் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். உனக்கு அதுவே தலைகீழாக நடக்கும்: குளிரிலிருந்து கணகணப்பான வீட்டுக்குள் நுழையும்போது பூக்கும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, உள்ளே வந்தபின் அது வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதே. கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்.

காய்கறிக் கடையில் சந்தித்ததாக எழுதியிருந்தாயே, யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், 1980களில் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரையோர மீன் ஆலைக்கு வேலைக்கு வந்தவர் என்று. அவரை ஒரு முறையாவது படமெடுத்திருக்கிறாயா? அவர் வீட்டுக்குப் போ. முதல் நாளே கேமராவை நீட்டாதே. சாப்பிட்டுவிட்டு வா, மறுபடியும் போ, அவர் சம்மதித்தால் எடு, தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடு. அவரிடம் மீன் ஆலை நாட்களின் படங்கள் இருந்தால் அவற்றின் பின்னாலும் பெயர்களைக் கேட்டு எழுதி வைக்கச் சொல்.

நவம்பர் இறுதியில் மறைந்த சூரியன் ஜனவரியில் திரும்பும்போது உங்கள் ஊரில் அதற்கென்றே ஒரு பன் தின்று கொண்டாடுவார்களாமே. வானத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நீ பேக்கரி வாசல் வரிசையை எடுத்து, இரண்டு பிரதி அச்சிட்டு, பின்னால் எழுதி, ஒன்றை எங்களுக்குத் தபாலில் அனுப்பு. வாட்ஸப்பில் வேண்டாம்; அப்பாவுக்கு அதைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாது, என்னைத்தான் கூப்பிடுகிறார்.

அன்புடன்,
அம்மா