செயலாளர் ஆண்டறிக்கை: வர்ஜீனியா வீரர்கள் பலகை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சந்தா நிலவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் பிடித்தது அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் டென்னிஸ் வீரர்களுக்கான படப் பலகைதான்.

முதல் இடத்துக்குப் போட்டியே இல்லை. சோம்தேவ் தேவ்வர்மன் 2006 முதல் 2008 வரை மூன்று முறை தொடர்ந்து தேசியக் கல்லூரி ஒற்றையர் இறுதிக்கு வந்தவர். பின் இரண்டிலும் பட்டம். 2007 இறுதியில் எதிரே நின்றவர் 6 அடி 10 அங்குல ஜான் இஸ்னர். ஆட்டம் நடந்ததோ இஸ்னர் படித்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில். கடைசி செட்டைச் சமநிலை முறிக்கும் டைபிரேக் வரை இழுத்து, அங்கே முடித்தார் சோம்தேவ். மறு ஆண்டு 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. நம்ம சென்னைப் பையன் என்று சிலர் கூடுதலாகவே கைதட்டினார்கள், தட்டட்டும்.

சண்டை வந்தது இரண்டாம் இடத்துக்கு. 2008-இல் உள்ளரங்கத் தேசிய அணிப் பட்டம் வந்ததே தவிர, சோம்தேவ் இருந்தவரை மே மாதம் நடக்கும் தேசியக் கல்லூரி அணிப் பட்டம் கைக்கு வரவில்லை. அது வந்தது 2013-இல், மிட்செல் ஃபிராங்க் ராக்கெட்டில். இறுதியில் யூ.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணியுடன் 3–3, மிச்சம் அவர் ஆட்டம் மட்டும். எதிராளி அட்ரியன் புஜேவுக்கு மேட்ச் பாயிண்ட், அதாவது வெற்றிக்கு ஒரே புள்ளி பாக்கி. வலையருகே பந்தை அடித்தும்விட்டார், ஆனால் வலையைத் தொட்டுவிட்டதால் புள்ளி ஃபிராங்குக்குப் போனது. அப்புறம் அவர் விடவில்லை, 4–3. தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வாங்காதவருக்கு இரண்டாம் இடமா என்று கேட்டார்கள். ஆமாம் என்பதே என் கட்சி, குழுவும் ஒப்புக்கொண்டது.

மற்றவர்களுக்கு அதிக வாதம் இல்லை. இரட்டையரில் 2009-இல் இங்லாட்டுடனும் 2010-இல் கோர்ட்னியுடனும் பட்டம் வென்ற மைக்கேல் ஷபாஸ், ஒற்றையரில் 2015-இல் ரயன் ஷேன், 2017-இல் தாய்-சன் குவியட்கோவ்ஸ்கி. சனம் சிங்கைச் சிலர் மறந்தேவிட்டார்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் சோம்தேவுடன் சேர்ந்து இரட்டையர் தங்கம் வென்றவர் அவர். இருவருமே இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். அதனால் சோம்தேவ் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

2022, 2023 அணிப் பட்டங்களுக்குக் கீழ்வரிசை காலியாக இருக்கிறது. அங்கே தனி வீரர் படமா, முழு அணியின் படமா என்பதை இன்றைய கூட்டம் முடிவு செய்து தர வேண்டும்.

— செயலாளர்