பெயர் மட்டும் போதுமா? கடலோர இலக்கிய விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் நிகழ்ச்சி நிரல் வந்ததும் பேனாவோடு உட்காருகிற ஆள் நான். கட்டாயம் போக வேண்டிய அமர்வுக்கு வட்டம், சந்தேகமானதற்குக் கேள்விக்குறி. கடைசியில் பார்த்தால் கேள்விக்குறிகள்தான் அதிகம்.

நிரலில் இருப்பது நேரம், மேடை, எழுத்தாளர் பெயர், அப்புறம் அழகாக ஒரு தலைப்பு. 'நினைவும் நிலமும்' என்றால் என்ன புரியும்? அவர் தன் நாவலிலிருந்து வாசிக்கப் போகிறாரா, ஒருவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லப் போகிறாரா, இல்லை ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பேசப் போகிறார்களா? அப்படி ஓர் ஐவர் மேடைக்கு எனக்குப் பிடித்த எழுத்தாளருக்காக ஒருமுறை போனேன். நாற்பது நிமிடம் கழித்து அவர் முறை வந்தது. சொன்னது இரண்டு வாக்கியம். இரண்டாவது, "நேரமாகிவிட்டது என்கிறார்கள்."

ஒரே மேடை என்றால் கிடைத்ததைக் கேட்டுவிட்டுப் போகலாம். கோழிக்கோடு கடற்கரையில் 2016 முதல் நடக்கும் விழாவைப் போல, ஒரே நேரத்தில் பல மேடைகள் ஓடும் இடத்தில் ஒன்றில் உட்கார்ந்தால் மற்றவை போய்விடும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள வழியில்லை.

நான் இப்போதெல்லாம் முதலில் தேடுவது எழுத்தாளருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் யார் என்பதைத்தான். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவரா, பின்னட்டையைப் படித்துவிட்டு வந்தவரா என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரு சின்ன அரங்கில், நான் அதுவரை கேள்விப்பட்டிராத கவிஞர். எதிரே இருந்தவர் கையிலிருந்த தொகுப்பில் மஞ்சள் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. "முதல் பதிப்பில் இந்த வரியின் முடிவில் ஒரு காற்புள்ளி இருந்ததே, ஏன் எடுத்தீர்கள்?" என்று ஆரம்பித்தார். கவிஞர் சிரித்தபடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது பேர்கூட இருக்க மாட்டோம். பெரிய பந்தலிலிருந்து கைதட்டல் வந்துகொண்டே இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் பெயர் நிரலில் இல்லை. நான் அங்கே போனது நிழலுக்காக.

மொழிபெயர்ப்பாளர் பெயரையும் போடுங்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரப்படும் சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் 50,000 பவுண்டை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத் தருகிறது. உங்களிடம் கேட்பது அரை வரி இடம்.

கடற்கரை மேடை பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அதனால் பிற்பகலில் கடற்காற்று வலுத்து மைக்கில் படபடவென்று அடிக்கிறது. அந்த நேரத்தில் மெல்லிய குரலில் கவிதை வாசிக்கிறவரை அங்கே நிறுத்துவது பாவம். வாசிப்பைக் காலையில் வையுங்கள். மூன்று மணிக்கு அரசியல் விவாதக்காரர்களை அனுப்புங்கள், அவர்கள் காற்றையும் ஜெயிப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி: வாசிப்பா, உரையாடலா, குழு விவாதமா, கூட இருப்பவர் யார். நிரலை அச்சுக்கு அனுப்பும் முன் இதைச் சேர்த்துவிடுங்கள். பேனாவில் மை இருக்கிறது.

இப்படிக்கு,
நழுவ வசதியாக எப்போதும் ஓரத்து நாற்காலியில் உட்காரும் ஒரு வாசகர்